வில்லும் தோலும்: தந்தி வாத்தியங்களை உலகத் தாளவாத்தியங்களோடு இணைக்க முழுமையான வழிகாட்டி

வயலினையும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே முரசையும் ஒரே மேடையில் உட்கார வைப்பது எளிது. இரண்டையும் ஒரே இசையைப் பேச வைப்பதுதான் கடினம். இத்தகைய கூட்டு முயற்சிகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. தந்திக் கருவிகளுக்கான இசையை முழுவதும் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு தாளக் கலைஞரை அழைத்து, "இதற்குப் பொருத்தமாக ஏதாவது வாசியுங்கள்" என்று கேட்கிறார்கள். அவரும் வாசிக்கிறார். கேட்க நன்றாகக்கூட இருக்கும். ஆனால் அந்தத் தாளத்தை எடுத்துவிட்டாலும் இசைக்கு ஒரு குறையும் வராது என்றால், அங்கே எதுவும் கலக்கவில்லை என்றுதான் பொருள்.

இங்கே நான் சொல்லப்போகும் வழி தாளத்தின் சுழற்சியிலிருந்து தொடங்குகிறது. பிறகு சுருதி, ஒலியின் இடப்பங்கீடு, வில் வீச்சு, இசையின் அமைப்பு, ஒத்திகை, மேடை என்று போகிறது. வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ராகமும் ஸ்வரக்கோர்வையும் முதலில் மனத்துக்கு வரலாம், குறித்து வையுங்கள். ஆனால் தாளம் உடலில் ஊறும்வரை அதைத் தொடாதீர்கள்.

தந்தி வாத்தியங்கள் இதற்கு வளைந்து கொடுக்குமா என்ற ஐயம் வேண்டாம். வயலினின் வரலாறே வளைந்து கொடுத்த வரலாறுதான். ஐரோப்பாவில் அதன் நான்கு கம்பிகளும் ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் நிற்கின்றன. அரபு இசையில் பலர் மேல் இரண்டு கம்பிகளைத் தளர்த்தி, கீழே உள்ள இரண்டு ஸ்வரங்களையே மேல் ஸ்தாயியில் ஒலிக்க வைத்துக்கொள்கிறார்கள். கர்நாடக இசைக்குள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றவர்கள் வழியே வந்த வயலின், ஸ ப ஸ ப என்று சுருதி மாறியது. நாடிக்குக் கீழ் இருந்தது இறங்கி, சுருள்முனை வலது கணுக்காலில் ஊன்றி நிற்கும் நிலைக்கு வந்தது. இடது கை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டதால்தான் நீண்ட கமகங்கள் சாத்தியமாயின. போன இடமெல்லாம் கருவி தன்னை மாற்றிக்கொண்டது. உங்கள் இசையிலும் வயலினிடம் இதே பணிவை எதிர்பார்க்கலாம்.

முதல் படி: ஒரே ஒரு தாள மரபைத் தேர்ந்தெடுங்கள்

ஜெம்பே, தபலா, அரபு தர்புகா, ஜப்பானிய டைக்கோ நான்கையும் ஒன்றாகக் கொண்டுவரும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் தனித்த கணக்கும் தனித்த நடையும் இருக்கின்றன. நான்கு மரபுகளை ஒரே நேரத்தில் ஆழமாகக் கற்க முடியாது. மேலோட்டமாகக் கற்றால் நான்கு தோல்களும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

1970களில் தோன்றிய சக்தி குழுவை நினைத்துப் பாருங்கள். ஜான் மெக்லாலினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயகராமின் கடம். வெளியிலிருந்து பார்த்தால் கிழக்கும் மேற்கும் சந்தித்ததாகத் தெரியும். உள்ளே கேட்டால், இந்துஸ்தானியும் கர்நாடகமும் தாளக் கணக்கில் கைகோத்துக்கொண்டதும், அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு கிதார் அதற்குள் நுழைந்ததும் தெரியும். குழுவுக்கு ஒரு பொது இலக்கணம் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1966இல் இங்கிலாந்தின் பாத் விழாவில், மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுஹினும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் அல்லா ராக்காவின் தபலாவோடு வாசித்தபோதும், மெனுஹின்தான் மாணவரின் இடத்தில் அமர்ந்தார். யாராவது ஒருவர் மற்றவர் வீட்டுக்குள் போயாக வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கருவிக்குத் திட்டமான சுருதி உண்டா? இதன் கனத்த ஒலி எந்த இடத்தில் விழுகிறது? ஒற்றை வயலினை இது மூழ்கடிக்குமா? மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்), தபலாவின் வலது, கடம் ஆகியவற்றுக்குச் சுருதி உண்டு. கியூபாவின் காங்கா முரசையும் தர்புகாவையும் ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். கஹோன், வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய ரிக், தஃப் போன்றவை சுருதிச் சிக்கல் தராதவை. முதல் முயற்சிக்குக் கஹோன் நல்ல தோழன். பெருவில் வாழ்ந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மரப்பெட்டி அது. 1970களின் பிற்பகுதியில் கிதார் கலைஞர் பாகோ தெ லூசியா வழியாக ஸ்பெயினின் ஃபிளமெங்கோவுக்குள் நுழைந்து, இன்று அங்கேயே பிறந்ததுபோல் நிற்கிறது.

இரண்டாம் படி: கருவியைத் தொடும் முன் வாயால் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

சொற்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் அசைகள், தெரிந்தவர்களுக்கு உலகத் தாளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சாவி கையில் இருக்கிறது. தக இரண்டு மாத்திரை (தாளத்தின் சிறிய அலகு), தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. வேறு மரபுக்காரர்களும் இதை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். எழுத்துத் தாளில் புள்ளியும் வாலுமாகப் பயமுறுத்தும் தாளங்கள் வாயில் வந்தவுடன் எளிதாகிவிடுகின்றன.

கியூபாவின் கிளாவேயை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரத்துண்டுகளைத் தட்டி வாசிக்கும் ஐந்து அடிகள். மூன்று-இரண்டு வகை சோன் கிளாவேயில், 16 மாத்திரைக்குள் அந்த ஐந்து அடிகளுக்கு இடையே உள்ள தூரம் 3, 3, 4, 2, 4. சொல்லிப் பாருங்கள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டினால் அதுதான் கிளாவே. கால் நான்கு மாத்திரைக்கு ஒரு முறை தரையைத் தொடட்டும். முதல் தகிட காலோடு சேரும். இரண்டாவது தகிடவும் அதற்கடுத்த தகதிமியும் காலைத் தவிர்த்து விழும். தக மறுபடி ஓர் இடைவெளியில் விழும். கடைசித் தகதிமி காலோடு வந்து சேரும். அந்த விலகலும் சேர்க்கையும்தான் முழு கியூப இசையின் உயிர்நாடி. ரும்பா கிளாவேயில் மூன்றாவது அடி ஒரே ஒரு மாத்திரை தள்ளிப்போகிறது: 3, 4, 3, 2, 4. இரண்டையும் மாறிமாறிச் சொல்லிப் பழகுங்கள். ஒரு மாத்திரை நகர்ந்தால் குணமே மாறுவதை உடல் உணரும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் இரும்பு மணி வாசிக்கும் புகழ்பெற்ற சுழற்சி 12 மாத்திரை: 2, 2, 1, 2, 2, 2, 1. தக தக த தக தக தக த. இதைச் சொல்லும்போதே கால்களால் மூன்று மாத்திரைக்கு ஒன்றாக நான்கு அடி எடுத்து வையுங்கள். பிறகு அதே மணியை வைத்துக்கொண்டு, இரண்டு மாத்திரைக்கு ஒன்றாக ஆறு அடி. மணி மாறவில்லை, ஆனால் வேறு பாட்டு கேட்பதுபோல் இருக்கும். அங்கே ஆடுபவர்களின் கால்கள் நான்கு அடியைத்தான் நம்புகின்றன என்பதை மறக்காதீர்கள். தாளைப் பார்த்து வாசிக்கும் தந்திக் கலைஞர்கள் மணியை எண்ணத் தொடங்கி, காலைத் தொலைத்துவிடுகிறார்கள்.

அரபு மரபுக்கு அதற்கென்றே சொற்கள் உண்டு. கனத்த அடி தும், கூர்மையான அடி தக். மக்சூம் என்ற எட்டு மாத்திரைத் தாளம்: தும் தக் – தக் தும் – தக் –. ஸமாயி என்ற பத்து மாத்திரைத் தாளம் இன்னும் அழகு: தும் – – தக் – தும் தும் தக் – –. இதை ஐந்து மாத்திரைத் தாளமான கண்ட சாபு இரண்டு முறை என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அடிகளின் தூரம் 3, 2, 1, 1, 3. நடுவில் தும் தும் என்று அடுத்தடுத்து விழும் இரட்டை அடியில்தான் அந்தத் தாளத்தின் மூச்சு இருக்கிறது. வயலினின் வாக்கியம் அந்த இடத்தை அறிந்திருக்க வேண்டும்.

எல்லோரும் எல்லோருடைய தாளத்தையும் வாயாலும் கையாலும் தவறாமல் பத்து நிமிடம் தொடர்ந்து சொல்ல முடிகிற நாளில் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: அடி எங்கே விழுகிறது என்று பேசி முடிவெடுங்கள்

தோலின் மேல் விரல் பட்ட கணமே ஒலி முழுதாகப் பிறந்துவிடுகிறது. வில் அப்படியல்ல. அது கம்பியைப் பற்றி, இழுத்து, அதிர வைத்து, பிறகுதான் ஸ்வரம் மலர்கிறது. செல்லோவின் கனத்த கம்பியில் இந்தத் தாமதம் இன்னும் கூடுதல். இருவரும் மிகச் சரியாக ஒரே கணத்தில் தொடங்கினாலும் கேட்பவர் காதுக்கு வில் பின்தங்கியதாகவே தோன்றும். தாளக்காரர் "இழுக்கிறார்கள்" என்பார். வயலின்காரர் "ஓடுகிறார்" என்பார். இருவர் மேலும் குற்றமில்லை.

தீர்வு வில்லின் தொடக்கத்தில் இருக்கிறது. ஒலி எழும் முன்பே வில்லைக் கம்பியில் அழுத்தி ஊன்றி, பிறகு விடுவிக்க வேண்டும். மேற்கத்திய வாசிப்பில் இதை மார்த்தலே என்கிறார்கள். முதல் எழுத்தில் ஒரு வல்லின ஒலி கிடைக்கும். எல்லா ஸ்வரத்துக்கும் இது தேவையில்லை. தாளச் சுழற்சியின் முக்கிய அடிகளில் போதும்.

இன்னொன்றும் உண்டு. மாத்திரைகள் சமமாக இருக்கும் என்பதே எல்லா மரபிலும் செல்லுபடியாகும் விதி அல்ல. மாலியின் ஜெம்பே வாசிப்பில் ஓர் அடிக்குள் இருக்கும் உட்பிரிவுகள் குறுகியும் நீண்டும் வருகின்றன. அது துல்லியக் குறைவு அல்ல. அதுவே அந்தத் தாளத்தின் நடை. அதைச் சமமாக்கி எழுதிக் கொடுத்தால் உயிர் போய்விடும். மெட்ரோனோமை அணைத்துவிட்டு, ஜெம்பே கலைஞரின் பதிவை ஓடவிட்டு, அதன்மேல் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் வாசியுங்கள். அந்த ஒற்றை ஸ்வரம் அவருடைய நடையில் உட்காரும்வரை இரண்டாவது ஸ்வரம் வேண்டாம்.

நான்காம் படி: சுருதியைச் சேருங்கள்

வட்டமான ஒரு சாதாரணத் தோலைத் தட்டினால் கூடவே பிறக்கும் மேல் ஒலிகள், அதாவது உபஸ்வரங்கள், அடிப்படை ஒலியோடு இசைவதில்லை. அவற்றின் விகிதம் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கற்றுப் போகும். அதனால்தான் பெரும்பாலான முரசுகளில் ஸ்வரம் இன்னது என்று சொல்ல முடிவதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே ஏற்றப்படும் கருஞ்சாந்து இதை மாற்றுகிறது. கனம் கூடிய தோல், ஒரு கம்பி அதிர்வதைப்போல முழு எண் விகிதங்களில் உபஸ்வரங்களைத் தருகிறது. இதை அறிவியல் முறையில் ஆராய்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதியவர்கள் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும். அப்படிப் பார்த்தால் மிருதங்கம் தந்தி வாத்தியங்களுக்கு நெருங்கிய உறவு.

உறவு என்பதாலேயே உராய்வும் வருகிறது. மிருதங்கம் இரண்டு கட்டையில் (மேற்கத்திய D) ஷட்ஜம் வைத்து நிற்கும்போது, தந்திக் குழு நடுவில் வேறு ஷட்ஜத்துக்குச் சுருதி பெயர்ந்தால், ஒவ்வொரு தீம் ஒலியும் அபஸ்வரமாகக் குத்தும். மேற்கத்திய அமைப்பில் எழுதுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுருதி பெயர்ப்பு கட்டாயம் வேண்டுமென்றால் அந்தப் பகுதியில் கஞ்சிராவோ கஹோனோ எடுத்துக்கொள்ளட்டும். அல்லது புதிய ஷட்ஜம் பழைய ஷட்ஜத்துக்குப் பஞ்சமமாகவோ மத்தியமமாகவோ இருக்கட்டும். கடத்தின் சுருதி பானை சுடும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. எனவே கடம் இருந்தால், இசையின் சுருதியை அதுதான் தீர்மானிக்கும்.

இந்தோனேசியாவின் கேமலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவோடு சேர்வது இதைவிடத் தெளிவான பாடம். வெண்கலத் தகடுகள் ஸ்லென்ட்ரோ, பெலோக் என்ற தங்கள் அளவுகளில் வார்க்கப்பட்டவை. 12 ஸ்வரஸ்தானங்களில் அவை அடங்குவதில்லை, ஒரு குழுவின் சுருதி இன்னொரு குழுவுக்கு ஒத்துவருவதும் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் 1980களின் தொடக்கத்தில் வயலினையும் செல்லோவையும் ஜாவா கேமலானோடு இணைத்தபோது, வளைய முடிந்த தந்திகள்தான் வளைந்தன. வீணையைப்போல மெட்டுகள் இல்லாத கருவிகளின் பெரிய வரம் இது: அரபு இசையின் ராஸ்த் என்ற இசைமுறையின் மூன்றாவது ஸ்வரமானாலும் பெலோக்கின் எந்த ஸ்வரமானாலும் விரல் அந்த இடத்துக்குப் போகும். ஆனால் பழக்கப்பட்ட அதிர்வு விரலை, அதாவது விப்ராட்டோவை, நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஆடும் ஸ்வரத்தால் நுண்ணிய சுருதியைக் காட்ட முடியாது.

வெப்பநிலையையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த சூட்டில் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஈரத்தில் தளர்ந்து இறங்கும். கஞ்சிராவின் உட்புறம் தடவிய நீர் காய்ந்துகொண்டே வருவதால் அது வாசிக்கும்போதே ஏறும். மேடை விளக்குகள் எரிந்து அரை மணி ஆன பிறகு கடைசிச் சுருதி சேருங்கள்.

ஐந்தாம் படி: யாருக்கு எந்த இடம்

செல்லோவின் கீழ்க்கம்பி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நல்ல ஜெம்பேயின் நடுவில் உள்ளங்கையால் அடிக்கும் கனத்த ஒலியும் 65 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையில்தான் விழுகிறது. இரண்டும் ஒரே கணத்தில் ஒலித்தால் இரண்டுமே தெளிவு இழக்கும். ஆகவே ஒரு சுழற்சிக்குள் கனத்த ஒலியைப் பங்கிடுங்கள்: ஜெம்பே கனத்த அடி கொடுக்கும் இடத்தில் செல்லோ மேல் கம்பிக்குப் போகட்டும், அல்லது மௌனமாக இருக்கட்டும். ஜெம்பேயின் கூர்மையான தட்டு மேலே வயலினின் ஒளியோடு மோதும்; வயலின் நீண்ட ஸ்வரம் பிடிக்கும் இடத்தில் அந்தத் தட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவுக்கு இந்தக் கூட்டணியில் தனி மதிப்பு உண்டு. பெரும்பாலான தோல் கருவிகளின் கனத்துக்கும் கூர்மைக்கும் நடுவே காலியாக இருக்கும் இடம் அதற்குச் சொந்தம். வட ஆப்பிரிக்காவின் பெண்டிர் என்ற தோல் கருவியோடு மட்டும் கவனம்: தோலின் அடியில் ஓடும் நரம்பு எழுப்பும் ரீங்காரம் வியோலாவின் நடுப்பகுதியை மறைத்துவிடும்.

ஆறாம் படி: வில்லைத் தாளவாத்தியமாக்குங்கள்

வில்லைத் தனித்தனியே இழுத்தும் தள்ளியும் வாசிக்கும்போது ஒற்றை மாத்திரைகள் இழுப்பிலும் அடுத்தவை தள்ளுதலிலும் விழும். கை இயல்பாக இழுப்பில் அழுத்தம் கொடுக்கும். இப்போது கிளாவேயை 16 மாத்திரை ஓட்டத்துக்குள் அழுத்தங்களாக வையுங்கள். ஐந்து அழுத்தங்களில் நான்கு இழுப்பில் வந்துவிடுகின்றன. முதல் தகிட முடிந்து இரண்டாவது தகிட தொடங்கும் அந்த ஓர் இடம் மட்டும் தள்ளுதலில் விழுகிறது. கிளாவே தளர்ந்து கேட்கிறது என்றால் பத்தில் ஒன்பது முறை அந்த அழுத்தம்தான் காணாமல் போயிருக்கும். தள்ளும் வில்லில் அழுத்தம் கொடுக்க, அந்த மாத்திரைக்குச் சற்று முன்பே ஆள்காட்டி விரலின் எடை வில்லில் இறங்க வேண்டும். இதை மட்டும் தினமும் தனியே பழகுங்கள்.

அடுத்தது சாப். வில்லைப் பிடிக்கும் அடிப்பகுதியைக் குதிரைக்கு (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) அருகே கம்பியின்மேல் சாய்வாகப் போட்டு, ஓடவிடாமல் அங்கேயே நிறுத்துவது. இடது கை கம்பிகளை மெல்ல மூடியிருக்கும். ஸ்வரம் இல்லாத, உலர்ந்த ஓர் அறையும் ஒலி கிடைக்கும். வில்லைத் தூக்கும்போது இன்னொரு சிறிய ஒலி. அமெரிக்கப் புளூகிராஸ் வயலினிஸ்ட் ரிச்சர்ட் கிரீன் 1960களில் தொடங்கி வைத்தது. டேரல் ஆங்கர் அதை விரித்துப் பரப்பினார். கையில் ஒரு ரிக் வைத்திருப்பதுபோல இதனால் தாளத்தை நிரப்ப முடியும். ஆனால் உண்மையான தாளக் கலைஞர் அருகில் இருக்கும்போது இதை அளவோடு வையுங்கள். அவர் தனி வாசிக்கையில் தந்திக் குழு சாப் செய்து சுழற்சியைத் தாங்கிப் பிடிப்பதுதான் இதற்கு மிகப் பொருத்தமான இடம் என்பது என் முடிவு.

செல்லோவிலும் டபுள் பாஸிலும் விரலால் மீட்டும் ஓட்டங்கள் தோல் கருவிகளோடு உடனே ஒட்டிக்கொள்ளும். கியூப வழியில் போனால் பாஸ் வாசிப்பவர் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: சமத்தில், அதாவது சுழற்சியின் முதல் அடியில், ஸ்வரம் வைப்பதை. டும்பாவ் எனப்படும் ஓட்டத்தில் அடுத்த சுழற்சிக்கான ஸ்வரம் நான்காவது அடியிலேயே வந்து, சமத்தைத் தாண்டி நீளும். சமம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைக் கேட்பவரின் உடல் நிரப்புகிறது.

ஏழாம் படி: ஓர் எடுத்துக்காட்டைக் கட்டிப் பார்ப்போம்

வயலின், செல்லோ, இரண்டு காங்கா. ராகம் ஹம்சத்வனி, ஷட்ஜம் இரண்டு கட்டை, தாளம் ஆதி.

இந்தச் சுருதியில் வயலினின் நடு இரண்டு கம்பிகளும் ஷட்ஜ பஞ்சமமாகத் திறந்தே ஒலிக்கும். செல்லோவின் மேல் இரண்டும் அப்படியே. ஆனால் செல்லோவின் கீழ்க்கம்பி ஹம்சத்வனியில் இல்லாத கைசிகி நிஷாதம். அதை ஒரு முழு ஸ்வரம் மெல்ல ஏற்றினால், 65இலிருந்து 73 ஹெர்ட்ஸ் வாக்கில் ஆழமான மந்தர ஷட்ஜம் கிடைக்கும். அதன் அடுத்த கம்பி மத்தியமம்; ராகத்தில் அதற்கும் இடமில்லை. அது தானாக அதிர்ந்து கலங்காமல் இருக்க, வில் கடக்கும்போது ஒரு விரல் அதைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். காங்காக்களில் கனமானதைப் பஞ்சமத்துக்கும் மற்றதை மேல் ஷட்ஜத்துக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம், சதுஸ்ர நடையில் (அட்சரத்துக்கு நான்கு) 32 மாத்திரை. ஒரு கிளாவே 16. ஆகவே லகுவுக்குள் (முதல் நான்கு அட்சரம்) ஒரு கிளாவே முழுதாக அடங்குகிறது. இரண்டு த்ருதங்களும் (இரண்டிரண்டு அட்சரம்) சேர்ந்து இன்னொரு கிளாவேயைத் தாங்குகின்றன. வெவ்வேறு கண்டங்களில் வளர்ந்த இரண்டு தாளங்கள் ஒன்றுக்குள் ஒன்று இவ்வளவு நேர்த்தியாக உட்காருவதை முதன்முறை கையால் போட்டுப் பார்க்கும்போது மெய்சிலிர்க்கும்.

இப்போது தீர்மானம், அதாவது மூன்று முறை வந்து சமத்தில் முடியும் தாளக்கட்டு. த்ருதங்களின் 16 மாத்திரைக்குள் இதை வையுங்கள்:

தகதிமி தாம் – தகதிமி தாம் – தகதிமி | தா

நான்கு, இரண்டு கார்வை (நீட்டிப்பு), நான்கு, இரண்டு கார்வை, நான்கு. கூட்டினால் 16, அடுத்த தா சமத்தில் விழும். மூன்று தகதிமிகளும் தொடங்கும் இடங்கள் 1, 7, 13ஆம் மாத்திரைகள். கிளாவேயின் ஐந்து அடிகள் 1, 4, 7, 11, 13. மூன்று தொடக்கங்களும் கிளாவேயின் அடிகள் மேலேயே விழுகின்றன! இந்தத் தீர்மானத்தை வயலின் ஸ்வரமாக வாசிக்கும்போது காங்கா கலைஞர் அந்நியமாக உணர மாட்டார். அவருடைய தாளமே வேறு சொற்களில் திரும்பி வருகிறது. நான் தேடச் சொல்வது இத்தகைய இடங்களைத்தான். தாளக் கணக்கைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடினால் ஒவ்வொரு ஜோடி மரபிலும் சில அகப்படும்.

வரிசையை இப்படி அமைக்கலாம். முதலில் காங்கா மட்டும் நான்கு ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுழற்சி). செல்லோ விரல் மீட்டில் சேரட்டும், இன்னும் நான்கு. வயலின் ஒரு குறுகிய ஆலாபனையைத் தாளத்துக்குக் கட்டுப்படாமல் அதன்மேல் மிதக்கவிட்டு, பிறகு பல்லவி போன்ற ஒரு வரியில் இறங்கட்டும். எடுப்பு (வரி தொடங்கும் இடம்) சமத்திலா, தள்ளியா என்பதைக் கிளாவேயைப் பாடிக்கொண்டே முடிவு செய்யுங்கள். அடுத்து ஸ்வரமும் காங்காவும் கேள்வி பதிலாக, நான்கு ஆவர்த்தனம், இரண்டு, ஒன்று, அரை என்று குறைந்துகொண்டே வரட்டும். அரை ஆவர்த்தனத்துக்கு வரும்போது வயலினுக்கு லகு, காங்காவுக்குத் த்ருதங்கள்; ஆளுக்கொரு கிளாவே. பிறகு காங்காவின் தனி, வயலின் சாப் செய்து தாங்க. தீர்மானத்தில் மூவரும் சேர்ந்து முடிவு.

ஓர் எச்சரிக்கை. உற்சாகத்தில் யாராவது எட்டு மாத்திரையைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால் கிளாவேயின் மூன்று அடிப் பக்கமும் இரண்டு அடிப் பக்கமும் இடம் மாறிவிடும். ஆதி தாளத்துக்காரர் இதை அரை ஆவர்த்தனத்தின் பாதி என்று சகித்துக்கொள்ளலாம். கியூப இசைக்காரருக்கு அது முழு இசையும் தலைகீழானதுபோல. நீட்டிப்பு வேண்டுமென்றால் 16இன் மடங்கில் நீட்டுங்கள்.

எட்டாம் படி: தாளும் காதும்

மேற்கத்திய தந்திக் கலைஞர் தாளில் எழுதியதை நம்புவார்; ஜெம்பே கலைஞர் காதை நம்புவார். முழு ஸ்கோரை எல்லோர் கையிலும் திணிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் வரைபடம் போதும்: எந்தப் பகுதி, எத்தனை சுழற்சி, யார் முன்னிலை, எந்தச் சைகையில் மாற்றம். கூடவே ஒவ்வொரு பகுதியையும் வாயால் சொல்லிப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள்.

சைகையை யார் தருவது என்பது முக்கியம். மேற்கு ஆப்பிரிக்க வாசிப்பில் முன்னணி ஜெம்பே ஒரு குறிப்பிட்ட அழைப்புச் சொல்லை அடித்ததும் எல்லோரும் மாறுவார்கள். கர்நாடக இசையில் தீர்மானம் வரப்போவதைக் கணக்கே அறிவிக்கும். தந்திக் குழுவுக்குத் தலைவரின் தலையசைப்பைப் பார்க்கும் பழக்கம். இவற்றில் தாளவாத்தியத்தின் அழைப்பையே பொதுச் சைகையாக வைத்துக்கொள்வது நல்லது. அதைக் கேட்டு மாறக் கற்றுக்கொண்ட தந்திக் குழு பிறகு எதற்கும் தடுமாறாது.

ஒன்பதாம் படி: ஒத்திகை

முதல் ஒத்திகையில் கருவிகள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வட்டமாக உட்கார்ந்து சொல்லுங்கள், தட்டுங்கள், நடங்கள். இரண்டாவது ஒத்திகையில் மெதுவான காலப்பிரமாணம், நிமிடத்துக்கு 60 அட்சரம் போதும். வேகத்தில் மறையும் பிழைகள் மெதுவில் வெளியே வரும்.

பிறகு இந்தச் சோதனை. எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது தாளக் கலைஞர் சட்டென்று நிறுத்த வேண்டும். தந்திகள் நான்கு ஆவர்த்தனம் தனியாகப் போக, அவர் சமத்தில் மீண்டும் சேர வேண்டும். சேரும் இடம் கச்சிதமாக இருந்தால், தாளம் தந்திகளுக்குள் இறங்கிவிட்டது. இடறினால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பத்தாம் படி: மேடையும் ஒலிவாங்கியும்

ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி விநாடி ஆகும். மேடையின் இரு முனைகளில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 30 மில்லி விநாடி. அடியின் கூர்மை அதிலேயே மழுங்கிவிடும். நெருங்கி உட்காருங்கள். செல்லோவும் கனத்த தாளவாத்தியமும் அருகருகே, ஒருவர் கையை ஒருவர் பார்க்கும்படி.

வயலினுக்குக் கருவியிலேயே கவ்விக்கொள்ளும் சிறிய கண்டென்சர் மைக் நல்லது. தொலைவில் நிற்கும் மைக் ஜெம்பேயைத்தான் அதிகம் அள்ளும். வயலினின் மிகக் கீழான ஸ்வரம் மேற்கத்திய சுருதியில் 196 ஹெர்ட்ஸ். எனவே அந்த மைக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் தாளவாத்தியத்தின் கனம் அதன் வழியே கசியாது. கர்நாடக வாசிப்பில் கம்பிகள் இறக்கிச் சேர்க்கப்பட்டிருந்தால் வெட்டும் எல்லையையும் அதற்கேற்ப இறக்குங்கள். சிறிய அரங்கில் மைக் இல்லாமல் வாசிப்பதென்றால் ஜெம்பேயை விட்டுவிட்டு ரிக் அல்லது கஞ்சிராவை எடுங்கள். ஓசையைக் குறைத்து வாசிக்கச் சொல்லி ஜெம்பே கலைஞரை முடக்குவது அவருக்கும் நல்லதல்ல, இசைக்கும் நல்லதல்ல.

பதினோராம் படி: உரிமையும் மரியாதையும்

சில கருவிகள் மேடைக்காகப் பிறந்தவை அல்ல. கியூபாவின் லுகுமி சமயத்தில் புனிதப்படுத்தப்பட்ட பாத்தா முரசுகளைத் தீட்சை பெற்றவர்களே தொடலாம். கச்சேரிக்கு, புனிதப்படுத்தாத பாத்தாக்கள் தனியாக உண்டு. கேமலான் கருவிகளைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். தஃப் குர்திஸ்தானின் சூஃபி வழிபாட்டில் ஒலிக்கும் கருவி. எந்தத் தாளத்தை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதை அந்த மரபில் வளர்ந்தவரிடம் முதல் நாளே கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், அந்தத் தாளத்தைச் சிறிது மாற்றிப் பயன்படுத்தலாமா என்றுகூட யோசிக்காதீர்கள்.

பணமும் பெயரும் பெரும்பாலும் ஸ்வரம் எழுதியவருக்கே போகின்றன. தாளக் கலைஞர் தன் மரபிலிருந்து கொண்டுவந்த சுழற்சியும், ஒத்திகையில் அவர் கட்டிய தீர்மானமும் இசையின் பாதி என்றால், இசையமைப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும், பங்கும் அப்படியே. பதிவுக்கூடத்துக்குப் போகும் முன் இதை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். பாரம்பரியத் தாளம் எதுவானாலும் அதன் பெயர், அது எந்த மக்களுடையது, யார் கற்றுக் கொடுத்தார் என்ற மூன்றும் இசைத்தட்டுக் குறிப்பில் இடம்பெறட்டும்.